ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது?

சுண்ணக்கட்டி | ஜூலை 6

எல்லாருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 42 பேர், எல்லாரும் தமிழ்வழி. எழுதச் சொன்னால் எழுதிவிடுகிறார்கள். பேச்சுதான் வரவே மாட்டேன் என்கிறது.

போன வெள்ளிக்கிழமை 'என் ஊர்' என்று தலைப்புக் கொடுத்து முன்னால் வந்து பேசச் சொன்னேன். ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் ஒரே வாக்கியத்தில் ஆரம்பித்தார்கள். கைடில் உள்ள கட்டுரை அது. ஒரு பிள்ளைக்கு நடுவில் ஒரு வார்த்தை மறந்துவிட்டது. திணறினாள், பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அவள் ஊர் வழியாகத்தான் நான் தினமும் பஸ்ஸில் வருகிறேன். இன்டர்வெலில் கேட்டால் கண்மாய், காளியம்மன் கோயில் பொங்கல், அம்மா வேலைக்குப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். கரும்பலகைக்கு முன்னால் நின்று அவள் சொன்ன ஊரில் வற்றாத ஆறு ஓடுகிறது. அந்த ஊரில் ஆறே கிடையாது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பேசச் சொல்லித் தந்தேனா, ஒப்பிக்கச் சொல்லித் தந்தேனா? நீங்கள் வகுப்பில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். புத்தகத்தில் படித்ததைவிட நீங்களே செய்து பார்த்தது வேண்டும்.

---

தஞ்சைத் தமிழையா | ஜூலை 6

வாழ்த்துகள் அம்மா. 31 வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேச்சுப் போட்டிக்கு எத்தனையோ பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். மனப்பாடத்தை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். சபைக் கூச்சமுள்ள பிள்ளைக்கு மனப்பாடம்தான் பிடிமானம். எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தைத் தடுமாறாமல் சொல்லிவிட்டு இறங்கும்போது அந்த முகத்தில் வருகிற தெளிவை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். குரல் ஏற்ற இறக்கம், நிறுத்தும் இடம், ல-ள-ழ வேறுபாடு எல்லாம் அப்படித்தான் நாக்கில் படியும்.

இலக்கிய மன்றத்தில் வாரம் இரண்டு பேரை மேடையேற்றுங்கள். வருடக் கடைசியில் வித்தியாசம் தெரியும்.

---

நாலாவது பீரியட் | ஜூலை 7

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள் டீச்சர். பீரியட் 45 நிமிடம். வருகைப் பதிவு, அறிவிப்பு எல்லாம் போக 40 நிமிடம் மிஞ்சும். ஒவ்வொருவராக முன்னால் கூப்பிட்டால் 42 பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஒருவர் பேச 41 பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வாரம் இரண்டு பேர் மேடையேறினால் வகுப்பைச் சுற்றி வர 21 வாரம்.

இதையே இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தால் ஒரே நேரத்தில் 21 பேர் பேசுகிறார்கள். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து நிமிடப் பேச்சு. எனக்குக் கண்ணைத் திறந்தது இந்தக் கணக்குதான்.

ஃபிராங்க் லைமன் என்கிற அமெரிக்க ஆசிரியர் 1981ல் சொன்ன முறை ஒன்று இருக்கிறது. கேள்வியைக் கேட்டு ஒரு நிமிடம் தனியாக யோசிக்க விடுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும். அதற்கு அப்புறம்தான் வகுப்புக்குச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோழியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்ததை 42 பேர் முன்னால் சொல்வதில் பாதி பயம் போய்விடுகிறது.

யோசிக்க விடும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தயவுசெய்து விழுங்கிவிடாதீர்கள். மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். என் வகுப்பில் நானே மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிப் பார்த்தேன். அந்த மூன்று நொடி எவ்வளவு நீளம் என்பது எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

---

சுண்ணக்கட்டி | ஜூலை 7

நன்றி சார். இரண்டு சந்தேகம். ஜோடியாக விட்டால் தமிழில்தானே பேசுவார்கள்? அதுவும் பாடத்தைப் பேசாமல் நேற்றுப் பார்த்த படத்தைப் பேசுவார்கள். இன்னொன்று, எங்கள் கட்டிடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் தட்டிதான். 21 பேர் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்தில் கணக்கு எடுக்கும் சார் என்ன செய்வார்?

---

வளமையம் | ஜூலை 8

ஆசிரியர் பயிற்றுநராக வட்டார வள மையத்தில் இருந்தவன். உங்கள் முதல் சந்தேகத்துக்கு என்னிடம் ஒரு பழைய கதை இருக்கிறது.

2007ஐ ஒட்டி நம் மாநிலத்தில் கீழ்வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றலும், 6 முதல் 8 வரை படைப்பாற்றல் கல்வியும் வந்தது பலருக்கு நினைவிருக்கும். பாடத்தைப் படித்துப் பார்ப்பது, மனவரைபடம் வரைவது, குழுவில் தொகுப்பது, முன்னால் வந்து வழங்குவது என்று படிகள். பேசுவதற்கான இடம் அதில் தாராளமாக இருந்தது. பல பள்ளிகளில் அது உண்மையாகவே நடந்தது, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்வைக்குப் போன பல வகுப்புகளில் மனவரைபடம் சார்ட்டில் அழகாகத் தொங்கும். குழுவில் ஆறு பேர் இருப்பார்கள், வழங்குவது எப்போதும் அதே ஒரு பிள்ளை. மற்ற ஐந்து பேரும் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். படிகளைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஐந்து பேரும் பேசியே ஆக வேண்டிய தேவை அங்கே இல்லை. எல்லார் கையிலும் ஒரே பாடம் இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததை யாரிடம் எதற்குச் சொல்வது? எலியட் ஆரன்சன் 1971ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கொண்டுவந்த ஜிக்சா முறையின் உயிரே இதுதான். அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது சண்டையும் வெறுப்புமாக இருந்தது. அவர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். நீ சொன்னால்தான் எனக்குப் பாடம் முழுசாகும் என்ற நிலை வந்ததும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள்.

ஆகவே ஜோடியில் இருவரிடமும் ஒரே தாளைக் கொடுக்காதீர்கள். இவளிடம் இல்லாதது அவளிடம் இருக்கட்டும். தாளை ஒளித்து வைத்துக்கொண்டு வாயால் மட்டும் கேட்டு நிரப்ப வேண்டும். படக்கதை பேச நேரம் இருக்காது.

தமிழைப் பொறுத்தவரை, யோசிக்கும் நிமிடத்தில் தமிழ் இருக்கட்டும் அம்மா. என்ன சொல்லப் போகிறோம் என்பது தமிழில் தெளிவான பிறகு ஆங்கிலத்தில் சொல்ல வார்த்தை தேடுவார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் வாய் அடைத்துப்போகும்.

---

மணியோசை | ஜூலை 8

தலைமையாசிரியராக இருக்கிறேன். சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தலைமையாசிரியர் அறையிலிருந்து கேட்கும்போது வேலை நடக்கிற சத்தத்துக்கும் ஆசிரியர் இல்லாத வகுப்பின் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியும். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான் நான் எதிர்பார்ப்பேன். வேப்பமரத்தடி இருந்தால் அங்கே கூட்டிப் போங்கள்.

என்னுடைய கவலை வேறு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலுக்குச் செய்முறை மதிப்பெண் 25 இருக்கிறது. அதனால் எந்தப் பள்ளியும் ஆய்வகத்தைப் பூட்டியே வைக்க முடியாது. தமிழ், ஆங்கிலம் இரண்டும் 100க்கு 100 எழுத்துத் தேர்வு. பேசத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மதிப்பெண் பட்டியலில் ஒன்றும் மாறாது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் என்னை அழைத்துக் கேட்கிறார்கள். என் பிள்ளைகள் பேசுகிறார்களா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே இதைச் செய்யுங்கள் டீச்சர். பத்துக்குப் போய்விட்டால் ஜனவரியில் திருப்புதல் தேர்வு வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

---

நாலாவது பீரியட் | ஜூலை 8

மதிப்பெண் வைத்தால் மட்டும் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள் சார். நான் இருப்பது கோவையில் சிபிஎஸ்இ பள்ளி. எங்களுக்குப் பேசுதல், கேட்டல் மதிப்பீடு உள்மதிப்பீட்டில் உண்டு. ஆரம்பத்தில் நன்றாகவே இருந்தது. இரண்டு வருடத்தில் டியூஷன்காரர்கள் 'எதிர்பார்க்கப்படும் தலைப்புகள்' என்று ஜெராக்ஸ் போட்டுவிட்டார்கள். உரையாடலையே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த இரண்டு பையன்களை நானே பார்த்தேன். ஒருவன் தன் முறைக்கு முன்னாலேயே பதிலைச் சொல்லிவிட்டான். மதிப்பெண் வேண்டும்தான். தலைப்பை அந்த நிமிடத்தில் குலுக்கிப் போட்டு எடுத்தால்தான் அந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

---

கடைசி பெஞ்சு | ஜூலை 9

நான் ஆசிரியர் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரோடு தினமும் போனில் பேச வேண்டும். சரக்கு ஏன் தாமதம், சாயம் ஏன் ஒரு ஷேடு மாறியது, அடுத்த கப்பலுக்குள் எத்தனை பெட்டி தர முடியும்? இதை யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அவன் இடையில் வெட்டிக் கேட்பான். முதல் ஆறு மாதம் போன் மணி அடித்தாலே கை வியர்க்கும். எனக்கு இலக்கணம் தெரியும். ஆனால் எதிரில் ஒருவன் கேட்க, நான் பதில் சொல்லி, அவன் புரியவில்லை என்றால் வேறு மாதிரி மாற்றிச் சொல்வது என்பதைப் பத்து வருடப் பள்ளிப் படிப்பில் ஒருநாள்கூடச் செய்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டாவதில் ஒருமுறை தமிழ் வகுப்பில் எழுந்து 'அங்கிட்டு' என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார், வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பத்தாவது முடியும்வரை நான் எழுந்து பேசவில்லை. அவரும் கெட்டவர் இல்லை, திருத்தத்தான் நினைத்தார். டீச்சர், உங்கள் பிள்ளைகள் தப்பாகப் பேசினாலும் முடிக்க விடுங்கள். முடித்த பிறகு திருத்துங்கள்.

---

சுண்ணக்கட்டி | ஆகஸ்ட் 4

நான்கு வாரம் கழித்து வருகிறேன். செய்து பார்த்தேன், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் வாரம் தோல்வி. 'மொபைல் போன் நல்லதா கெட்டதா' என்று ஜோடியாக விட்டேன். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லது என்று ஒரு வரி, கெட்டது என்று ஒரு வரி, வேலை தீர்ந்தது.

இரண்டாம் வாரம் வளமையம் ஐயா சொன்னதுபோல் தாளைப் பிரித்தேன். ஒரு சனிக்கிழமை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்று வண்டி நேரங்களை எழுதி வந்தேன். மதுரை, விருதுநகர், சாயல்குடி, தூத்துக்குடி. இரண்டு தாள் தயாரித்தேன். 'அ' தாளில் பாதி நேரங்கள் காலி, 'ஆ' தாளில் மற்ற பாதி காலி. கேள்வியின் தொடக்கம் மட்டும் கரும்பலகையில். ஆரம்பித்து மூன்று நிமிடத்தில் வகுப்பில் சத்தம் எழுந்தது. மணியோசை ஐயா சொன்னது சரிதான், அது வேறு சத்தம். ஒருத்தன் ஆங்கிலத்தில் பதினைந்துக்கு (ஃபிஃப்டீன்) ஐம்பது (ஃபிஃப்டி) என்று சொல்லிவிட்டான். எதிரில் இருந்தவன் ஐம்பது என்று எழுதி, அடுத்த வண்டி நேரத்தோடு இடிப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்டான். அவன் 'ஒன்று, ஐந்து' என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொன்னான். நான் சொல்லித் தராத வழி அது. புரியாதபோது திரும்பக் கேட்பதும் மாற்றிச் சொல்வதும் அவர்களே கண்டுபிடித்தார்கள். கடைசி பெஞ்சு தம்பி, உங்களைத்தான் அப்போது நினைத்தேன்.

மூன்றாம், நான்காம் வாரம் பால் நேஷன் என்கிற மொழிக் கற்பித்தல் அறிஞர் பரவலாக்கிய 4-3-2 முறை. ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் நான்கு நிமிடம், அடுத்த ஆளிடம் மூன்று, மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புது ஆள். எங்கள் பிள்ளைகளுக்கு நான்கு நிமிடம் மலை மாதிரி. அதனால் இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று குறைத்தேன். தலைப்பு: 'எங்கள் வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போன நாள்.' இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்காரவைத்து, ஒரு வரிசை மட்டும் ஓர் இடம் தள்ளி நகர வேண்டும்.

எழுதி வைத்ததைப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன். முதல் சுற்றில் பாதிப் பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். மூன்றாவது சுற்றில் அதே பிள்ளைகள் மணி அடிப்பதற்குள் முடித்தார்கள். அந்த ஆறு ஓடிய ஊர்ப் பிள்ளை, அம்மாவுக்கு மருந்து ஒவ்வாமல் கை கால் வீங்கியதையும், ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆட்டோவில் போனதையும் சொன்னாள். காலம் எல்லாம் தப்பு, நேற்று நடந்ததை நாளை நடக்கப்போவதுபோல் சொன்னாள். எதிரில் இருந்தவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நகரச் சொல்லி நான் மேசையைத் தட்டியபோது அவள் எழுந்திருக்கவில்லை. "அப்புறம் அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று தமிழில் கேட்டாள்.

சிக்கல்களும் இருக்கின்றன. பையனும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் இருவரும் ஊமை. அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன். நன்றாகப் பேசுகிற நான்கு பேருக்குச் சலிப்பு. திக்குகிற ஒரு பையன் இருக்கிறான், நேரம் குறையக் குறைய அவனுக்குத் திக்கல் கூடியது. அவனை என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

---

சேலத்து அம்மா | ஆகஸ்ட் 4

டீச்சரம்மா, என் மகனுக்கும் திக்குவாய். இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். அவனுக்கு மணியும் கடிகாரமும்தான் எமன். அந்தப் பையனுக்கு நேரத்தைக் குறைக்காதீர்கள். மூன்று பேரிடமும் அதே இரண்டு நிமிடம் கொடுங்கள், வேண்டுமென்றால் கூடவும் கொடுங்கள். அவன் ஒரு சொல்லில் நிற்கும்போது அந்தச் சொல்லை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், பிள்ளைகளும் கொடுக்கக் கூடாது. 'மெதுவாப் பேசு, மூச்சை இழுத்துவிடு' என்று எல்லாரும் அன்பாகத்தான் சொல்வார்கள். அதைக் கேட்டால் தன் பேச்சை எல்லாரும் அளந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றுமாம். முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் போதும். முடிந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டச் சொல்லி அவன் வீட்டில் சொல்லுங்கள். முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு எப்படி வசதி என்று கேளுங்கள். என் மகனை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

---

தஞ்சைத் தமிழையா | ஆகஸ்ட் 5

அம்மா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் ஜூலையில் எழுதியதில் பாதியை இப்போது மாற்றிக்கொள்கிறேன். உச்சரிப்புக்கும் குரலுக்கும் மனப்பாடம் உதவும் என்பதில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. ஆனால் வள்ளுவரே 725ஆம் குறளில் 'அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு' கற்கச் சொல்கிறார். மாற்றம் என்றால் மறுமொழி. எதிரில் ஒருவர் கேட்க நாம் திருப்பிச் சொல்வது. எத்தனையோ ஆண்டு அந்தக் குறளை நடத்தியிருக்கிறேன். போட்டியில் பரிசு வாங்கிய என் மாணவர்களிடம் நடுவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எத்தனை பேர் மறுமொழி சொல்லியிருப்பார்கள் என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

நன்றாகப் பேசும் நான்கு பேருக்கு ஒரு வழி சொல்கிறேன். சிறு பட்டிமன்றம் வையுங்கள், ஆனால் ஒரு விதியோடு. எதிரணி கடைசியாகச் சொன்னதை முதலில் உன் வாயால் சொல்ல வேண்டும். அவர்கள் 'ஆமாம், அதைத்தான் சொன்னோம்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உன் மறுப்பு. எழுதிக் கொண்டுவந்த பேச்சு இங்கே செல்லாது. கேட்கத் தெரியாதவன் இதில் வாயே திறக்க முடியாது.

---

வளமையம் | ஆகஸ்ட் 5

தமிழையா சொன்ன விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். திருத்துவது பற்றி ஒன்று. ஒரு பழைய டைரி வைத்துக்கொண்டு நடந்துகொண்டே கேளுங்கள். தப்பு காதில் விழுந்தால் பெயர் இல்லாமல் வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஐந்து நிமிடம் அதில் மூன்றைக் கரும்பலகையில் எழுதி, இதை எப்படிச் சரியாகச் சொல்லலாம் என்று வகுப்பையே கேளுங்கள். யாருடைய தப்பு என்று தெரியாது, எல்லாரும் கற்றுக்கொள்வார்கள். நன்றாக வந்த ஒரு வாக்கியத்தையும் எழுதுங்கள், அதற்கு மட்டும் பெயரைப் போடுங்கள்.

மதிப்பிடுவதற்கு ஒரே நாளில் 42 பேரையும் கேட்க முயலாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து பேர் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்து கவனியுங்கள். ஒன்பது நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்: கேட்டவருக்குப் புரிந்ததா, கேள்வி வந்தபோது பதில் சொன்னானா, தானாக ஒரு கேள்வி கேட்டானா.

---

சுண்ணக்கட்டி | ஆகஸ்ட் 11

சேலத்து அம்மா, அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "மொதல்ல நான் கேள்வி கேக்குறவனா இருக்கேன் டீச்சர், அப்புறம் பேசுறேன்" என்றான். இன்றைக்கு அப்படியே விட்டேன். மூன்று பேரிடம் கேள்வி கேட்டான், நான்காவதாக வந்தவனிடம் தானே பேசினான். மணி அடிக்கவில்லை. எவ்வளவு நேரம் பேசினான் என்று நான் பார்க்கவும் இல்லை.

தமிழையா, பட்டிமன்றம் அடுத்த வியாழக்கிழமை, வேப்பமரத்தடியில். தலைப்பைப் பிள்ளைகளே வைத்தார்கள்: 'நம் ஊருக்கு முதலில் தேவை பஸ்ஸா, குடிதண்ணீரா?' தமிழில் ஒரு சுற்று, ஆங்கிலத்தில் ஒரு சுற்று. பக்கத்து வகுப்புக் கணக்கு சார் தன் பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன் என்றிருக்கிறார். 80 பேர் உட்கார நிழல் போதுமா என்றுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.